கம்யூனிட்டி காலேஜில் சமூகவியல் படிக்க முடியுமா? அமெரிக்க முறையும் மலேசிய வழிகளும்

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் குடும்பப் புலனக் குழுக்களில் ஒரு கேள்வி தலைகாட்டும். "அமெரிக்காவில் இருக்கும் நம் சொந்தக்காரப் பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் சமூகவியலும் மானுடவியலும் படிக்கிறதாம், செலவும் கம்மியாம். இங்கேதான் கோலேஜ் கொமுனிட்டி இருக்கிறதே, அதில் சேர்த்துவிட்டால் என்ன?"

சேர்க்க முடியாது. பெயருக்குப் பொருள் அதே கம்யூனிட்டி காலேஜ்தான் என்றாலும், மலேசிய கோலேஜ் கொமுனிட்டியில் அந்தப் பாடங்களே இல்லை. அதற்காக, இங்கிருந்து சமூகவியல் படிக்க வழியில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வழி வேறு பக்கம் இருக்கிறது. எங்கே என்று சொல்வதற்கு முன்னால் அமெரிக்க முறை எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அது புரியாமல் தனியார் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் பிறகு சிக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டு நாட்டுக் கல்லூரிகள், இரண்டு வேலைகள்

அமெரிக்காவில் இந்த வகைக் கல்லூரிகளின் முன்னோடி, 1901இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊர்ப்பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்து முடிக்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, 1947இல் நாடெங்கும் இப்படிப்பட்ட கல்லூரிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு அவை பல்கிப் பெருகின. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. அங்கே வெல்டிங்கும் உண்டு, தாதியர் பயிற்சியும் உண்டு, சமூகவியலும் உண்டு. இரண்டு ஆண்டு முடித்தவர் அசோசியேட் பட்டத்தோடு ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம்.

மலேசிய கோலேஜ் கொமுனிட்டி 2001இல் வந்தது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு நேராகப் பல்கலைக்கழகம் போகாத பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தருவதுதான் அதன் வேலை. சமையல், பேஸ்ட்ரி, தையல், மின் இணைப்பு, வாகனப் பழுதுபார்ப்பு என்று போகும் பட்டியல். அக்கம்பக்கத்தார் எந்த வயதிலும் வந்து படிக்கக் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறார்கள். கேக் செய்து விற்க நினைக்கும் அக்காமார்களுக்கு அது உருப்படியான இடம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் 8 நிலைகள் இருக்கின்றன. இவர்கள் தரும் சான்றிதழ் 3ஆம் நிலை, டிப்ளோமா 4ஆம் நிலை, இளங்கலைப் பட்டம் 6ஆம் நிலை. சான்றிதழ் முடித்தவர் மேலே போவதென்றால் பெரும்பாலும் பாலிடெக்னிக் டிப்ளோமா பக்கம்தான் போகிறார், பல்கலைக்கழகச் சமூகவியல் துறைக்கு அல்ல.

பினாங்கில் இதில் ஒரு வேடிக்கை. கெப்பாளா பத்தாஸ் வட்டாரத்தில் ஒரு கோலேஜ் கொமுனிட்டி இருக்கிறது. அதே வட்டாரத்தில் இருக்கும் குவார் கெப்பா என்ற சிப்பிமேட்டில்தான் 2017இல் புதிய கற்கால எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. "பினாங்குப் பெண்" என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. மானுடவியலுக்கான பொருள் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, பாடம்தான் அங்கே இல்லை.

கிரெடிட் கணக்கு

அமெரிக்க முறை முழுக்க நிற்பது கிரெடிட் என்ற அலகின்மேல். ஒரு கிரெடிட் என்றால் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதோடு ஏறக்குறைய இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பு. சுமார் 15 வாரத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 45 மணி. மலேசியாவில் ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்று மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. வரையறுத்திருக்கிறது. ஆக, இரண்டு நாட்டு அலகுக்கும் பெரிய தூரமில்லை.

அசோசியேட் பட்டத்துக்கு 60 கிரெடிட் வேண்டும். ஒரு பாடம் பொதுவாக 3 கிரெடிட் என்பதால் மொத்தம் 20 பாடம். இங்கேதான் பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். "சமூகவியல் படிக்கிறாள்" என்றால் இருபதும் சமூகவியல் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போவதற்கென்றே கலிஃபோர்னியாவில் இருக்கும் மாறுதல் பட்டத்தில் முதன்மைப் பாடத்துக்குக் கட்டாயம் குறைந்தது 18 கிரெடிட், அதாவது 6 பாடம். மிச்சம் ஆங்கிலக் கட்டுரை, கணிதம் அல்லது புள்ளியியல், அறிவியல், வரலாறு, கலை என்று பொதுக்கல்விக்குப் போய்விடும். சமூகவியல், மானுடவியல் வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களிலும் பாதிப்பேருக்கு மேல் வேறு துறை மாணவர்களாக இருக்கலாம். தாதியர் படிப்புக்குப் போகிறவரும் கணினிப் படிப்புக்குப் போகிறவரும் பொதுக்கல்விக் கணக்கை நிரப்ப அந்த வகுப்பில் வந்து உட்காருவார்கள்.

சேர்த்த கிரெடிட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோவதை மாறுதல் என்கிறார்கள். அதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. பொதுவாக சி தரத்துக்குக் கீழே வாங்கிய பாடத்தை ஏற்கமாட்டார்கள்.
2. மாறுகிறவை கிரெடிட்டுகள்தான். பழைய மதிப்பெண் சராசரி சேர்க்கைக்கு உதவும். சேர்ந்த பிறகு பெரும்பாலான இடங்களில் புதுச் சராசரி தொடங்கும்.
3. ஏற்றுக்கொள்வதிலும் இரண்டு வகை உண்டு. கொண்டுபோன பாடத்தை "சமூகவியல் அறிமுகம்" என்றே ஏற்றால், அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டாம். "விருப்பப் பாடம், 3 கிரெடிட்" என்று மட்டும் எழுதிக்கொண்டால், எண்ணிக்கையில் சேரும், முதன்மைப் பாடக் கணக்கில் சேராது. இரண்டு ஆண்டில் முடியவேண்டிய மிச்சப் படிப்பு மூன்றாவது ஆண்டுக்கு இழுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது காரணத்தால்தான்.

செலவு குறைவு என்பதும் அங்கே வசிக்கிறவர்களின் கணக்கு. கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு கிரெடிட்டுக்கு 46 டாலர். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. அது போக மாணவர் விசாவில் போகிறவர் பருவத்துக்கு 12 கிரெடிட்டாவது எடுத்தே ஆகவேண்டும். வேலை செய்துகொண்டே மெதுவாக ஒன்றிரண்டு பாடம் எடுப்பது, அந்தக் கல்லூரிகளின் பெரிய வசதி. அது அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான்.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

சமூகவியல் என்பது மனிதர் கூட்டாக வாழும்போது உருவாகும் அமைப்புகளைப் பற்றிய படிப்பு: குடும்பம், வர்க்கம், மதம், பள்ளிக்கூடம், அரசு அலுவலகம். ஒருவர் தன்னுயிரை மாய்த்துக்கொள்வதைப்போன்ற அந்தரங்கமான செயலிலும் சமூகக் காரணங்கள் வேலை செய்கின்றன என்று 1897இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் புள்ளிவிவரங்களை வைத்து வாதாடினார். அந்தப் பார்வைதான் துறையின் அடித்தளம்.

மானுடவியல் இன்னும் அகலமானது. அமெரிக்க வழக்கப்படி அதற்கு நான்கு கிளைகள்: பண்பாடு, உடல்கூறும் பரிணாமமும், தொல்லியல், மொழி. இதில் உடல்சார் மானுடவியலுக்கு ஆய்வுக்கூட வகுப்பும் உண்டு. அதனால் பல கல்லூரிகளில் அதை அறிவியல் பாடமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மண்டையோட்டு வார்ப்பைக் கையில் வைத்து அளந்துகொண்டிருப்பவரும் கல்யாணச் சடங்கைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவரும் ஒரே துறை மாணவர்கள்தான். பண்பாட்டுக் கிளையின் முறை, ஓரிடத்தில் நெடுநாள் தங்கி, அவர்கள் மொழியில் பேசி, கூடவே இருந்து பார்ப்பது. முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினி அருகே உள்ள ட்ரோபிரியாண்ட் தீவுகளில் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி இருந்த விதம் இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. நம் பக்கத்தில், 1960களின் தொடக்கத்தில் இந்திய மானுடவியலாளர் ரவீந்திர கே. ஜெயின் மலாயாவின் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்தார். லயத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்று தாத்தா பாட்டி சொன்னதைத் தவிர வேறு பதிவே இல்லை என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் வேறுபாடு எங்கே என்பதற்கு பினாங்குத் தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2017 முதல் அங்கே இரண்டு தேர். நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளித்தேர், அவர்களுடைய தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். இந்து அறப்பணி வாரியத்தின் தங்கத்தேர், குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்துகொண்டு தண்ணீர்மலைக்குப் போகும். வழிநெடுகத் தேங்காய் உடைபடும். உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம்.

சமூகவியல் மாணவர் இதைப் பார்த்து நிறுவனங்களைப் பற்றிக் கேட்பார். ஒரு சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த விழாவில், சட்டப்படி அமைந்த ஒரு வாரியம் தன் தேரோடு இறங்கும்போது அதிகாரம் யாரிடமிருந்து யாருக்கு நகர்கிறது? காணிக்கையை நிர்வகிப்பது யார்? பாதை, நேரம், அனுமதி ஆகியவற்றை முடிவு செய்வது யார்? எந்தத் தேரோடு எந்த வட்டாரத்தார், எந்த வருமானத்தார் போகிறார்கள்? இதற்கு ஆவணமும் கணக்கெடுப்பும் வேண்டும்.

மானுடவியல் மாணவர் தேரோடு நடப்பார். தேங்காய் உடைக்கும் சீனக் குடும்பத்திடம் அது நேர்த்திக்கடனா, வியாபாரத்துக்கான வேண்டுதலா, அப்பா செய்ததால் செய்வதா என்று கேட்பார். உடைந்த தேங்காயைக் கூட்டிப் பெருக்குகிறவரிடமும் பேசுவார். "தங்கத்தேர் வந்ததும் நீங்கள் எதற்குப் போனீர்கள்?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டால், "இரண்டும் முருகன்தானே, எது வீட்டுக்கிட்ட வந்துச்சோ அதுக்குப் போனேன்" என்று பதில் வரலாம். அதிகாரச் சண்டை என்று எழுதத் தயாராக இருந்த ஆய்வாளரை அப்படி ஒரு பதில் நிறுத்தி யோசிக்க வைக்கும்.

நடைமுறையில் இந்த எல்லைக்கோடு அழிந்துகொண்டே வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் யு.கே.எம். என்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இரண்டையும் ஒன்றாகவே கற்பித்துவருகிறார்கள். அமெரிக்காவின் சிறிய கல்லூரிகள் பலவற்றிலும் இரண்டுக்கும் ஒரே துறை அலுவலகம்தான்.

முதல் பருவப் பயிற்சி ஒன்று

பண்பாட்டு மானுடவியல் வகுப்பில் பெரும்பாலும் ஒரு களக்குறிப்புப் பயிற்சி இருக்கும். ஒரு பொது இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை எழுத வேண்டும். கேட்க எளிது, செய்தால்தான் கஷ்டம் தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையை எடுத்துக்கொள்வோம். "கடைக்காரர் அன்பாகப் பேசினார்" என்று எழுதினால் விரிவுரையாளர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். அது முடிவு, கவனிப்பு இல்லை. கவனிப்பு என்றால் இப்படி: "முதலாளியம்மா தமிழில் 'எத்தனை முழம்?' என்று கேட்டார். வாங்க வந்தவர் மலாயில் பதில் சொன்னார். பூத் தொடுக்கும் இளைஞர் இருவரிடமும் பேசவில்லை. விலை கேட்டபோது அவர் முதலாளியம்மாவைப் பார்த்தார். நான்கு பேர் மாலை வாங்கினார்கள், மூன்று பேர் கைப்பேசியில் க்யூ.ஆர். காட்டிப் பணம் கட்டினார்கள்."

இந்த நான்கைந்து வரியிலிருந்து எத்தனை கேள்வி கிளம்புகிறது பாருங்கள். விலை சொல்லும் உரிமை அந்த இளைஞருக்கு ஏன் இல்லை? அவர் எந்த ஊர்? எந்த அனுமதிச் சீட்டில் வந்திருக்கிறார்? அந்தக் கடை வாடகையா, சொந்தமா? முதல் கேள்வி மானுடவியல், கடைசிக்குப் போகப்போகச் சமூகவியல்.

இதோடு ஆய்வு நெறியும் சேரும். யாரையும் கேட்காமல் பேச்சைப் பதிவு செய்யக்கூடாது, பெயரை மாற்ற வேண்டும், சிறுவர்களிடம் பேச பெற்றோர் அனுமதி வேண்டும். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லியின் கிராமங்களில் ஆய்வு செய்ய, அவர்களுக்கான அரசுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதி தேவை. "சும்மா போய்ப் பேசிவிட்டு வருகிறேன்" என்பது அங்கே நடக்காது.

அமெரிக்கப் பாடநூலும் நம் ஊரும்

அமெரிக்கப் பாடத்திட்டத்தை இங்கே தனியார் கல்லூரியில் படித்தாலும், அங்கேயே போய்ப் படித்தாலும் ஒரு குறை இருக்கிறது. அதை விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். "இனம்" என்ற பாடத்தைத் திறந்தால் வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தினோ, பூர்வகுடி அமெரிக்கர் என்று வரும். அடிமை முறையின் வரலாறு வரும். இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் மலேசியப் படிவத்தில் "கெதுருனான்" (வம்சாவழி) என்ற கட்டத்தில் "இந்தியர்" என்று குறியிடும் பிள்ளைக்கு, அந்த ஒரு கட்டத்துக்குள் தமிழர், மலையாளி, தெலுங்கர், சீக்கியர், மலாக்கா செட்டி எல்லாரும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை அந்த நூல் சொல்லாது. பினாங்கின் தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் ஒருவர் இந்தியர் என்றும் இன்னொருவர் மலாய்க்காரர் என்றும் பதிவாகியிருப்பது ஏன் என்றும் சொல்லாது. காலனி ஆட்சிக் காலக் குடிக்கணக்கில் இந்தக் கட்டங்கள் மாறி மாறித்தான் வந்தன. அவை இயற்கையாக முளைத்தவை இல்லை.

சட்டத்திலும் வித்தியாசம். தோட்டத் தொழிலுக்கு ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் எடுப்பது 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி மூலம் ஆள் எடுப்பதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. இந்த இரண்டு தேதியும் தெரியாமல் மலேசியத் தமிழர்களின் வர்க்க நிலையைப் பேச முடியாது. அமெரிக்க அறிமுக நூலில் இதற்கு இடம் இருக்காது, இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

இந்த வட்டாரத்திலேயே எழுந்த சிந்தனையும் உண்டு. மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோக்கள் ஆகியோரைச் சோம்பேறிகள் என்று காலனி ஆட்சியாளர்கள் முத்திரை குத்தியதற்குப் பின்னால் இருந்த பொருளாதார நலனை மலேசியச் சமூகவியலாளர் சையது ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் நூலாக எழுதினார். இதைச் சொல்லித்தரும் விரிவுரையாளர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மாணவரே தேடிப் படிக்க வேண்டும். சேரும் முன் ஒரு கல்லூரியை எடைபோட நல்ல கேள்வி இதுதான்: "உங்கள் பாடத்திட்டத்தில் மலேசியா எத்தனை வாரம் வருகிறது?"

இங்கிருந்து போகும் வழிகள்

1. ஆறாம் படிவம். செலவு மிகக் குறைந்த வழி, என் பார்வையில் பெரும்பாலோருக்குப் பொருத்தமான வழியும் இதுதான். மூன்று பருவம், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. பொதுவாக நான்கு பாடம், அதில் பொது அறிவுப் பாடமான பெங்காஜியான் ஆம் கட்டாயம். ஆறாம் படிவத்தில் எழுதும் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் சமூகவியல் என்று தனிப்பாடம் கிடையாது. அது ஒரு தடையும் இல்லை. வரலாறு, புவியியல், பொருளாதாரம், தமிழ்மொழி போன்றவற்றை எடுத்துக்கொண்டு, மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வையும் எழுதி, பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கலாம். சேர்க்கைத் தகுதிக் கணக்கில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் யு.கே.எம்., பினாங்கில் மிண்டனில் உள்ள யு.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் பள்ளி ஆகிய இடங்களில் இந்தத் துறைகள் இருக்கின்றன. பாடம் பெரும்பாலும் மலாயில், படிக்கவேண்டிய நூல்களில் பாதி ஆங்கிலத்தில். இரண்டு மொழியிலும் வேகமாக வாசிக்க முடியாதவர் முதல் ஆண்டில் திணறுவார்.

2. அமெரிக்கப் பட்ட மாறுதல் திட்டம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜுக்கு இங்கே உண்மையில் நெருங்கிய உறவு இதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் சில தனியார் கல்லூரிகள் 1980களிலிருந்தும் 1990களிலிருந்தும் நடத்திவருகின்றன. இரண்டு ஆண்டு இங்கே, மிச்சம் அங்கே. அறிமுகச் சமூகவியல் பொதுக்கல்விப் பாடமாகக் கிடைக்கும், மானுடவியல் எல்லாப் பருவத்திலும் கிடைக்காது. கடைசி இரண்டு ஆண்டு அமெரிக்கச் செலவுக்கு வழி இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம். பாதியில் பணம் முட்டினால் கையில் இருப்பது ஒரு மதிப்பெண் பட்டியல்தான். உள்ளூர்ப் பொதுப் பல்கலைக்கழகம் அதை அப்படியே ஏற்கும் என்று சொல்வதற்கில்லை.

3. வேலையில் இருப்பவர்களுக்கு ஏ.பி.இ.எல். என்ற வழி உண்டு. 21 வயதுக்கு மேற்பட்டவர், தொடர்புடைய வேலை அனுபவத்தைச் சான்றோடு காட்டி, மதிப்பீட்டில் தேறினால் எஸ்.டி.பி.எம். இல்லாமலே இளங்கலைக்கு விண்ணப்பிக்கலாம். சமூக அமைப்புகளில் பல ஆண்டு உழைத்தவர்களுக்கு ஏற்றது.

சமூகப் பணி என்பது வேறு படிப்பு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது தொழிற்பயிற்சி: குடும்பங்களைச் சந்தித்து உதவி ஏற்பாடு செய்யக் கற்பது. யு.எஸ்.எம். அதை 1970களிலிருந்து தனிப்படிப்பாக நடத்துகிறது. "மக்களுக்கு உதவ வேண்டும்" என்று நினைத்துச் சமூகவியலில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் கோட்பாட்டு வகுப்பில் ஏமாற்றம் அடைபவர்களுக்குப் பொருத்தமான இடம் பக்கத்து வகுப்பாக இருக்கலாம்.

வேலை?

மருத்துவர், கணக்காளர்போலப் பதிவு வாரியம் உள்ள தொழில் இல்லை இது. பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். நேர்காணல் எடுப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, மாதிரி எடுப்பது, எண்களைப் படிப்பது, நீண்ட அறிக்கை எழுதுவது ஆகிய திறன்களைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சந்தை ஆய்வு நிறுவனங்கள், சமூகநலத் துறை, ஜாக்கோவா, அருங்காட்சியகங்கள், அரசுசாரா அமைப்புகள், மனிதவளப் பிரிவு, மென்பொருள் நிறுவனங்களின் பயனர் ஆய்வு ஆகிய இடங்களில் இந்தத் திறனுக்குத் தேவை இருக்கிறது. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பினாங்கில் மரபுடைமை ஆவணப்படுத்தும் வேலையும் ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. புள்ளியியலைக் கண்டு ஓடாதவருக்கு வாய்ப்பு கூடுதல். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதைத் தெரிந்தே இறங்க வேண்டும்.

பணம் கட்டும் முன்

தனியார் கல்லூரி முகப்பில் உட்காரும்போது கேட்கவேண்டியவை:

1. இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா? பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதிகாரி வாயால் சொல்வதை விட்டுவிட்டு நீங்களே படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள்.
2. நான் போக நினைக்கும் பல்கலைக்கழகம் எந்தெந்தப் பாடத்தை, எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கிறது? பட்டியல் எழுத்தில் வேண்டும்.
3. மானுடவியல் கடைசியாக எந்தப் பருவத்தில் உண்மையிலேயே நடந்தது? கையேட்டில் இருக்கும், ஆள் சேராததால் வகுப்பு நடந்திருக்காது.
4. பட்டத்துக்கு அரசு வேலையில் அங்கீகாரம் உண்டா?

சேர்ந்த பிறகு, ஒவ்வொரு பாடத்தின் வாரவாரித் திட்டத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து மாறுதல் அலுவலகம் "இந்தப் பாடத்தில் என்ன படித்தீர்கள்?" என்று கேட்கும்போது, அந்த விரிவுரையாளர் கல்லூரியை விட்டே போயிருக்கலாம்.